டிவி இல்லாத வீடியோ கேம் யாருக்கு?



போன மாதம் இதே பலகையில் எட்டாம் வகுப்புத் தம்பி ஒருவன் எழுதியிருந்ததை எல்லோரும் படித்திருப்பீர்கள். 2025 ஜூன் 5-ஆம் தேதி வெளிவந்த ஸ்விட்ச் 2 என்ற வீடியோ கேம் பற்றி அழகாகப் படம் எல்லாம் வரைந்து எழுதியிருந்தான். படம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கடைசியில் இரண்டு வரி சேர்த்திருந்தான். "இதற்கும் லைட் என்று ஒரு மட்டமான மாடல் விடாமல் இருந்தால் சரி. டிவியில் போட முடியாத வீடியோ கேம் எல்லாம் ஒரு வீடியோ கேமா?" என்று. அந்த வரிக்குப் பக்கத்தில் யார் யாரோ பென்சிலில் ஏழு டிக் போட்டிருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தேன். அந்த ஏழு டிக்குக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்.

லைட் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நின்டென்டோ ஜப்பான் கம்பெனி. கியோட்டோ என்ற ஊரில் 1889-ல் சீட்டுக்கட்டு செய்யத்தான் ஆரம்பித்தார்கள். கியோட்டோவும் நம்ம காஞ்சிபுரம் மாதிரி கோயில் ஊர், பட்டு ஊர். அங்கே நிஷிஜின் என்ற பகுதியில் நம் பிள்ளையார்பாளையம் போலவே தறி ஓடுமாம். இது பேச்சுக்குத் தேவையில்லைதான், ஆனாலும் எனக்குப் பிடித்திருந்ததால் எழுதினேன்.

அந்தக் கம்பெனி 2017 மார்ச் 3-ல் ஸ்விட்ச் என்ற கருவியை விட்டது. டிவி பக்கத்தில் இருக்கும் தாங்கியில் வைத்தால் டிவியில் விளையாடலாம். எடுத்துவிட்டால் கையிலேயே விளையாடலாம். இப்படி மாறிக்கொள்வதால்தான் அந்தப் பேர். இரண்டு ஓரத்திலும் இருக்கும் கைப்பிடியை உருவி ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு இரண்டு பேர் விளையாடலாம். அப்போது விலை 300 டாலர். 2019 ஜூலை 10-ல் ஸ்விட்ச் லைட் என்று இன்னொன்று வரப்போவதாகச் சொன்னார்கள். செப்டம்பர் 20-ல் கடைக்கு வந்தது. விலை 200 டாலர். அப்போதைய கணக்குக்கு நம் பணத்தில் 14,000 ரூபாய் சுமார், அதாவது பெரியதைவிட 7,000 ரூபாய் கம்மி. இந்தியாவில் அந்தக் கம்பெனி நேரடியாக விற்பதில்லை. வெளியிலிருந்து வரவழைத்து விற்கிறார்கள், அதனால் இங்கே கூடத்தான் ஆகும்.

எதை எடுத்துவிட்டு 7,000 குறைத்தார்கள்? டிவியில் போடும் வசதி போச்சு. கைப்பிடி கழற்ற வராது, உடம்போடு ஒட்டியது. நிற்க வைக்கும் கால் கிடையாது. 6.2 அங்குலத் திரை 5.5 அங்குலம் ஆச்சு. மற்றபடி உள்ளே இருக்கிற மூளை ஒன்றேதான். கையில் வைத்து ஆடும் விளையாட்டு எல்லாமே அதில் ஓடும்.

அவ்வளவுதான், உலகம் பூராவும் தம்பி மாதிரியே கேட்டார்கள். ஸ்விட்ச் ஆகாததற்கு ஸ்விட்ச் என்று பேரா? வீட்டில் இவ்வளவு பெரிய டிவி இருக்க, சின்னக் கண்ணாடியில் ஏன் பார்க்கணும்? கேலிப் படம் எல்லாம் போட்டார்கள். ஆனால் வாங்குகிறவர்கள் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். வந்த பத்து நாளில், செப்டம்பர் 30-க்குள், 19 லட்சத்துக்கு மேல் போய்விட்டது. இன்று வரைக்கும் 2 கோடிக்கு மேல். கேலி செய்தவர்களும் வாங்கியவர்களும் ஒரே ஆட்கள் இல்லை என்பது என் எண்ணம்.

நான் ஒரு கேள்வி கேட்கிறேன். உங்கள் வீட்டில் டிவி யாருடையது?

"எங்க வீட்டு டிவி" என்று எல்லோரும் சொல்வோம். நிஜமாகவே யாருடையது? எங்கள் வீட்டில் சாயங்காலம் 6 மணியிலிருந்து ஆயாவுடையது. சீரியல் முடிகிற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. கிரிக்கெட் மேட்ச் இருந்தால் அப்பாவும் அண்ணனும் வாங்கிக்கொள்வார்கள், ஆயாவே ஒதுங்கிவிடுவாங்க. ஞாயிற்றுக்கிழமை மதியம் படம். நானும் அம்மாவும் ரிமோட்டைத் தொடுவது அதைத் துடைத்து வைக்கும்போதுதான். இது புகார் இல்லை, நிலைமை. பத்தாம் வகுப்பு அக்காக்கள் சிலரிடமும் கேட்டேன். "டிவி எங்க கைக்கு வர்றதுக்குள்ள பாத்திரம் துலக்குற நேரம் வந்துடும்" என்று ஒரு அக்கா சொன்னாங்க.

2006-ல் தமிழ்நாடு அரசு வீட்டுக்கு ஒரு கலர் டிவி இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. 14 அங்குல டிவி. எங்கள் தெருவில் சில வீட்டில் அது இன்னும் பரணில் இருக்கிறது. வீட்டுக்கு ஒன்று என்றுதானே கொடுத்தார்கள், ஆளுக்கு ஒன்று என்று இல்லையே. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. மறு வருஷம் கொரோனா வந்து பள்ளிக்கூடம் மூடியபோது பாடமே அதில்தான். அப்போது ஒரே டிவியில் அண்ணன் பாடம் ஒரு நேரம், என் பாடம் ஒரு நேரம், நடுவில் ஆயா. ஒரு டிவி எத்தனை பேருக்குப் பத்தும் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

ஆகவே "டிவியில் போட முடியாது" என்று சொல்லிக் கேலி செய்கிறவர்கள் யார்? டிவியில் போட முடிகிறவர்கள். ரிமோட் கையில் இல்லாத ஒருத்திக்கு அந்த வசதியை எடுத்துவிட்டால் என்ன நஷ்டம்? இல்லாததை எடுத்தால் எப்படிக் குறையும்? அவளுக்கு 7,000 ரூபாய் மிச்சம், அவ்வளவுதான். (எங்களுக்கு 14,000-மும் பெரிய பணம்தான். அதற்காகக் கருத்து சொல்லக் கூடாதா?)

நான் பார்க்காமல் எழுதவில்லை. மே மாத லீவில் எங்கள் மாமா பையன் ஒரு மஞ்சள் கலர் லைட் கொண்டுவந்தான். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் கொடுத்தது. ஒரு வாரம் எங்கள் வீட்டில் இருந்தான். திண்ணையில் உட்கார்ந்து மரியோ கார்ட் ஓட்டினோம். 275 கிராம்தான். உள்ளே சீரியல் ஓடுகிறது, அப்பா தறியில், நாங்கள் வெளியே. யாருக்கும் யாரும் இடைஞ்சல் இல்லை. ஒரு நாள் ராத்திரி கரண்ட் போய் தெருவே இருட்டாகிவிட்டது. சீரியல் நின்றுவிட்டது, கார் நிற்கவில்லை. ஆயா வந்து "என்னாடி அது வெளிச்சம்" என்று எட்டிப் பார்த்து, பத்து நிமிஷம் அவங்களும் ஓட்டினாங்க. மூன்று தடவை பள்ளத்தில் விழுந்தாங்க.

சின்னதாக, குறைவாகச் செய்ததாலேயே ஒரு பொருள் மட்டம் ஆகிவிடாது என்பதற்கு அந்தக் கம்பெனியிலேயே ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. குன்பெய் யோக்கோய் என்று ஒருவர். 1965-ல் அங்கே சீட்டுக்கட்டு செய்யும் மெஷின்களுக்கு ரிப்பேர் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு நாள் ரயிலில் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டர் பட்டனை அழுத்திக்கொண்டே வந்ததைப் பார்த்துத்தான் கையடக்க விளையாட்டு செய்யும் யோசனை வந்தது என்று சொல்வார்கள். இன்று பல வீடியோ கேமிலும் இருக்கும் கூட்டல் குறி மாதிரியான பட்டன் 1982-ல் அவர் கொண்டுவந்தது. பெரிய ஸ்விட்சின் கைப்பிடியில் அந்தக் கூட்டல் குறி கிடையாது, நாலு தனிப் பட்டன்தான். மட்டம் என்று சொல்லும் லைட்டில்தான் இருக்கிறது!

அவர் 1989-ல் கேம் பாய் செய்தார். அப்போதே கலர்த் திரை வந்தாச்சு. அதே வருஷம் அட்டாரி கம்பெனி லிங்க்ஸ் என்று கலரில் விட்டது. அடுத்த வருஷம் சேகா கம்பெனியும் கலரில் கேம் கியர் விட்டது. யோக்கோய் மட்டும் பச்சையும் சாம்பலுமாக ஒரு மங்கல் திரை வைத்தார். புதுசாக வந்ததை ஓடிப் பிடிக்காமல், விலை இறங்கிப் பழகிப்போன பொருளை வைத்துப் புது விளையாட்டு செய்யணும் என்பது அவர் கொள்கை. அதையும் அன்று சிரித்தார்கள். ஆனால் கலர்க்காரர்களுக்கு 6 பென்சில் செல் போட்டால் சில மணி நேரம்தான். கேம் பாய்க்கு 4 செல் போட்டால் பத்து மணி நேரத்துக்கு மேல். விலையும் லிங்க்ஸில் பாதி. பின்னால் வந்த கலர் மாடலையும் சேர்த்து 11 கோடிக்கு மேல் விற்றது. செல் வாங்கக் காசு யார் கொடுப்பார்கள் என்பதை அவர் யோசித்திருக்கிறார், அதான்.

அதன் ஏழைத் தம்பிதான் நம் ஊருக்கு வந்தது. பிரிக் கேம். "9999 விளையாட்டு" என்று அட்டையில் போட்டிருக்கும், உள்ளே பத்துகூட இருக்காது. கட்டை விழுந்து விழுந்து அடுக்கும் விளையாட்டுதான் முக்கியம். அதன் மூலம் டெட்ரிஸ், 1984-ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் என்பவர் செய்தது. எங்கள் அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது வைகாசி கருட சேவைக்குப் போய், வரதராஜப் பெருமாள் கோயில் பக்கத்துக் கடையில் ஒன்று வாங்கினாங்களாம். அந்தத் தெருவில் ஒரு வீட்டில் டிவி கேமும் இருந்ததாம், கறுப்பு கேசட் போடுவது. ஞாயிற்றுக்கிழமை பையன்கள் பத்துப் பேர் உள்ளே, பெண்கள் ஜன்னலுக்கு வெளியே. "உள்ள வாங்கன்னு யாரும் சொல்லல, போகவும் தோணல" என்று அம்மா சொன்னாங்க. ஆனால் பிரிக் கேம் அம்மாவுடையது. அம்மாவும் சித்தியும் நூல் சுற்றும்போது முறை வைத்து ஆடுவாங்களாம். ஒருத்தி ராட்டை, ஒருத்தி கேம். ஒரு ஆட்டம் முடிந்தால் மாறிக்கணும்.

பேர் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்விட்ச் ஆகாததற்கு ஸ்விட்ச் என்று பேர் வைக்கலாமா? இது நம் ஊரில் நமக்கு நன்றாகத் தெரிந்த சண்டை. காஞ்சிபுரம் பட்டு என்றால் கோர்வை. உடல் ஒரு கலர், கரை ஒரு கலர், இரண்டையும் தறியிலேயே கோத்து நெய்வது. அதற்கு மூன்று நாடா வேண்டும். நெய்கிறவர் தவிர, பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடா தள்ள இன்னொரு ஆள் வேண்டும். இப்போது அந்த இன்னொரு ஆள் கிடைப்பதில்லை. எங்கள் வீட்டில் அம்மா கம்பெனி வேலைக்குப் போய்விட்டதால் அப்பா கோர்வை இல்லாத சேலைதான் தனியாக நெய்கிறார். விலை கம்மி. அது பட்டு இல்லையா? நல்ல பட்டுதான், நல்ல நெசவுதான். கோர்வை இல்லை என்று சொல்லி விற்றால் ஒரு தப்பும் இல்லை. கோர்வை என்று சொல்லி ஏமாற்றினால்தான் தப்பு. லைட் விஷயத்தில் முதல் நாள் அறிவிப்பிலேயே இது கையில் வைத்து விளையாட மட்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் பேரைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை.

கோர்வை போனதில் வேறு ஒன்றும் போனது. பக்கத்தில் உட்காரும் ஆள் போயாச்சு. லைட்டிலும் அப்படித்தான். டிவி போனதைவிட, ஆளுக்கு ஒரு கைப்பிடி என்று பிரித்துக்கொள்ள முடியாமல் போனதுதான் குறை. அதை நான் மறைக்கவில்லை. வேண்டுமென்றால் தனியாகக் கைப்பிடி வாங்கிச் சேர்க்கலாம், அதற்கு மறுபடி காசு. அது சார்ஜ் ஏற்றவும் லைட்டில் வழி இல்லை. ஆனால் தம்பி இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை!

இப்போது என் உண்மையான கோபத்தைச் சொல்கிறேன். அது வேறு இடத்தில் இருக்கிறது.

ஸ்விட்சில் கட்டை விரலால் தள்ளும் குச்சி ஒன்று உண்டு. சில நாள் போன பிறகு சில கருவிகளில் அந்தக் குச்சி கெட்டுவிடுகிறது. கையே வைக்காமல் பொம்மை தானாக ஒரு பக்கம் நடக்க ஆரம்பிக்கும். 2019 ஜூலையிலேயே அமெரிக்காவில் இதற்காக வழக்குப் போட்டார்கள். லைட் வந்த சில வாரத்திலேயே அதையும் அந்த வழக்கில் சேர்த்தார்கள். 2020 ஜூனில் கம்பெனித் தலைவர் ஃபுருகாவா வருத்தம் தெரிவித்தார். 2023-ல் ஐரோப்பாவில், வாரண்டி முடிந்தாலும் இலவசமாகச் சரி செய்து தருகிறோம் என்று ஒப்புக்கொண்டார்கள்.

இப்போது கவனியுங்கள். 300 டாலர் கொடுத்தவருக்கு குச்சி கெட்டால் அந்தக் கைப்பிடியை மட்டும் உருவி ரிப்பேருக்குக் கொடுக்கலாம், இல்லை புதுசு மாட்டிக்கொள்ளலாம். மற்றது வீட்டிலேயே இருக்கும். 200 டாலர் கொடுத்தவருக்கு? முழுக் கருவியையும் தூக்கிக்கொண்டு போகணும். அது திரும்பி வருகிற வரைக்கும் விளையாட்டே கிடையாது. பணம் இருக்கிறவன் பொருள் பாகம் பாகமாகக் கழலும், பணம் இல்லாதவள் பொருள் ஒரே கட்டியாக ஒட்டியிருக்கும். இது எந்த ஊர் நியாயம்? டிவியில் போடும் வசதியை எடுத்தது செலவைக் குறைக்க, சரி. உடையக்கூடிய பாகத்தைக் கழற்ற முடியாமல் ஒட்டியது எங்களுக்குச் செலவைக் கூட்ட. உலகம் எதைக் கேலி செய்யணுமோ அதை விட்டுவிட்டு டிவியைப் பிடித்துக்கொண்டது.

தறியைப் பாருங்கள். எங்கள் வீட்டுத் தறி தாத்தா போட்டது. நாடா தேய்ந்தால் நாடா மாற்றுவோம். விழுது அறுந்தால் விழுது கட்டுவோம். ஜக்கார்டு அட்டை கிழிந்தால் அந்த அட்டையை மட்டும் அடித்துக் கோப்போம். "இதுல பழசுன்னு என்ன இருக்கு, மரம் நாலுதான்" என்று அப்பா சிரிப்பார். தறி ஏழையின் கருவி. ஏழையின் கருவி என்பதால்தான் அது கழலும்படி இருக்கிறது.

அம்மாவின் பிரிக் கேமும் அப்படித்தான். பட்டன் அமுங்காமல் போனபோது ரேடியோ ரிப்பேர்க் கடை அண்ணன் நாலு திருகாணியைக் கழற்றி, உள்ளே இருந்த ரப்பரைத் துடைத்து மாட்டிக் கொடுத்தாராம். காசுகூட வாங்கவில்லையாம்.

நம் நாட்டில் 2022 டிசம்பர் 24-ல், தேசிய நுகர்வோர் தினத்தன்று, மத்திய அரசு "ரிப்பேர் செய்யும் உரிமை" என்று ஒரு இணையதளம் ஆரம்பித்தது. செல்போன், மின்னணுப் பொருள், வண்டி, விவசாயக் கருவி எல்லாவற்றுக்கும் எப்படிச் சரி செய்வது, உதிரி பாகம் எங்கே கிடைக்கும் என்று கம்பெனிகள் அதில் சொல்லணும். நல்ல விஷயம். ஆனால் நேரடியாக இங்கே விற்காத பொருளுக்கு இங்கே யார் பதில் சொல்வார்கள்? ஐரோப்பாவில் இலவசமாகச் சரி செய்கிற குச்சிக்கு, காஞ்சிபுரத்தில் ஒரு பிள்ளை யாரிடம் போவாள்?

"ஏழைப் பிள்ளைகளுக்கு வீடியோ கேம் எதற்கு, படிக்கட்டும்" என்று சில பெரியவர்கள் நினைப்பது எனக்குத் தெரியும். (மிஸ், உங்களைச் சொல்லவில்லை.) அண்ணன் மேட்ச் பார்த்தால் அது ஓய்வு. ஆயா சீரியல் பார்த்தால் அது பொழுதுபோக்கு. நான் அரை மணி நேரம் கார் ஓட்டினால் மட்டும் அது கெட்ட பழக்கமா? பள்ளி, வீட்டு வேலை, அம்மா வர லேட் ஆனால் சமையல், இது எல்லாம் போக மிச்சம் இருக்கும் அரை மணி நேரம் என்னுடையது. அதற்கு ஏற்ற மாதிரி, டிவியைக் கேட்காத, கனமில்லாத, விலை குறைந்த ஒரு பொருளை யாராவது செய்தால் நான் வரவேற்பேன். லைட் என்று பேர் வைக்கட்டும், ஹெவி என்று வைக்கட்டும். திருகாணி மட்டும் கழலணும்.

ஸ்விட்ச் 2 வந்த பிறகு, அதற்கும் ஒரு லைட் வருமா என்று மறுபடியும் பேச்சு ஓடுகிறது. வரக்கூடாது என்று தம்பி சொல்கிறான். வரட்டும், ஆனால் குச்சியைக் கழற்றுகிற மாதிரி வரட்டும் என்று நான் சொல்கிறேன். டிக் போட்ட ஏழு பேரும் அடுத்த மாதப் பலகையில் பதில் எழுதலாம், இடம் இருக்கிறது. பென்சில் வேண்டாம், பேனாவில் எழுதுங்கள். எழுதும்போது உங்கள் வீட்டு ரிமோட் யார் கையில் இருக்கிறது என்பதையும் மறக்காமல் ஒரு வரி சேர்க்கவும்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி, ஏனாத்தூர்